அடிவிளிம்பின் ஓரெழுத்து

ஓலைச்சுவடியின் காலத்தை எழுத்தமைதி உணர்த்துவதுபோல், பழைய திரைப்படச் சுவரொட்டியின் காலத்தை அச்சமைதி உணர்த்தும்.

1939-இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ என்னும் அமெரிக்கப் படம் 1947, 1954, 1961, 1967 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் திரையேறியது. சுவரொட்டிகளும் புதிதாக அச்சாயின. இத்தகைய படங்களின் முதல் அச்சை அறிவது எவ்வாறு? 1940 முதல் நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்நாட்டுத் திரையரங்குகளுக்குச் சுவரொட்டி வழங்கிய ‘நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ்’ நிறுவனம் அடிவிளிம்பில் ஓர் எண்ணைப் பொறித்தது. சாய்கோட்டுக்கு முன்னுள்ள ஈரிலக்கம் ஆண்டைக் குறிக்கும். அதற்கும் முன்னே ‘ஆர்’ என்னும் ஆங்கில எழுத்து நின்றால் அது மறுவெளியீடு.

போலியை உருப்பெருக்கி காட்டிக்கொடுக்கும். அசலில் சிற்றெழுத்துகள் கூரிய விளிம்போடு நிற்கும். அசலைப் படமெடுத்து அச்சிட்ட போலியில் அவை பெரும்பாலும் மங்கிப் புள்ளிகளாய்ச் சிதறும். அசலின் மடிப்புக்கோடும் சில போலிகளில் படமாய்ப் பதிந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டாது.

மறுவெளியீடு இழிவன்று, தான் பிறந்த ஆண்டை அது தானே உரைக்கிறது. ஆண்டை மறைப்பதே பொய். முதற்பதிப்பின் ஆண்டைச் சுட்டாமல் கவிதை நூலை மறுபதிப்பிடுவோர்க்கு அந்த ஓரெழுத்து பாடமாகட்டும்.