மதுரையின் இராப்போது



மதுரைக்குப் பிரயாணம் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் மீனாட்சியம்மன் சந்நிதி, பிற்பகலில் திருமலை நாயக்கர் மகால், மாலையில் திருப்பரங்குன்றம் என்று திட்டமிட்டுக்கொண்டு போய், பொழுது சாய்ந்ததும் ரயிலேறித் திரும்பிவிடுகிறார்கள். கோயிலும் மகாலும் குன்றமும் கண்டு தொழவேண்டியவைதாம். அவற்றின் பெருமையை எடுத்துச் சொல்ல விஷயமறிந்த பெரியவர்கள் அநேகர் இருக்கிறார்கள். இன்று நான் உங்களை அழைத்துப் போக விரும்புவதோ, அந்தப் பிரயாணிகள் ரயிலேறிய பிறகு தொடங்குகிற மதுரைக்கு.

இந்நகரம் இரவில் விழித்திருப்பது நேற்று வந்த பழக்கம் அன்று. பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியில், பகற்கடையாகிய நாளங்காடியோடு இராக்கடையாகிய அல்லங்காடியும் இங்கே நடந்த செய்தி வருகிறது. இரவு யாமம் யாமமாகக் கழிவதை வருணித்துக்கொண்டே வரும் புலவர், அடையும் மோதகமும் விற்ற வணிகர்கள் தங்கள் பண்டங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி உறங்கிப்போனதையும் விடாமல் குறித்திருக்கிறார். வேந்தனுக்கு உபதேசம் செய்ய வந்த ஒரு மகாகவி, பலகாரம் விற்கிறவனுடைய அயர்வையும் ஒரு பொருட்டாக எண்ணிப் பாட்டில் இடம் கொடுத்தாரே, அதை நினைக்குந்தோறும் அவர்மீது எனக்கு மரியாதை பெருகுகிறது.

கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று மாதப் பெயர் தாங்கிய வீதிகள் ஒன்றையொன்று வளைத்துக்கொண்டு போவதும், அவற்றுக்கு அப்பால் வெளி வீதிகள் அமைந்திருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலத்தில் நகரத்தைக் கோட்டையும் அகழியும் நெருக்கிக்கொண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் என்ற கலெக்டர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்ததனால்தான் ஊருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அவர் நினைவாக ஊரார் நிறுத்திய விளக்குத்தூண் இன்றும் அந்தப் பேட்டைக்கே பெயராக நிற்கிறது. ஜவுளிக் கடைகள் நிறைந்த அந்த விளக்குத்தூண் பக்கத்தில்தான் மதுரையின் பிரசித்தி பெற்ற பானமாகிய ஜிகர்தண்டாவைத் தேடிப் போகவேண்டும்.

அதைக் கலக்குகிறவரின் கையைச் சற்று நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். நெடுநேரம் காய்ந்து, சுண்டி, வெள்ளை நிறம் மாறி லேசாகச் சிவந்துபோன பால் ஒரு பாத்திரத்தில். ஊறவைத்ததனால் பருத்துப் பளிங்கு போலாகிவிட்ட பாதாம் பிசினோ கடற்பாசியோ மற்றொன்றில். நன்னாரி சர்பத் வேறொரு பக்கம். முதலில் பிசினைக் கண்ணாடிக் குவளையின் அடியில் இடுகிறார். அதன்மேல் சர்பத்தை விடுகிறார். பிறகு குளிர்ந்த பாலை ஊற்றி, கடைசியில் கடையிலேயே கடைந்த ஐஸ்கிரீமை ஒரு கரண்டி வழித்து வைக்கிறார். இத்தனையும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகிறது. அதை வாங்கி அவசர அவசரமாகக் குடித்துவிடுவது நியாயமாகாது. நன்னாரியின் வாசனை முதலிலும், பாலின் செறிவு அடுத்தும், பிசினின் வழவழப்பு கடைசியிலும் நாவுக்குப் புலப்படும்படி நின்று பருகவேண்டும். 2014இல் கார்த்திக் சுப்புராஜ் மதுரையைக் களமாக வைத்து எடுத்த திரைப்படத்துக்கு இந்தப் பானத்தின் பெயரையே சூட்டினார் என்றால், ஊருக்கும் இதற்கும் உள்ள பந்தத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஜிகர்தண்டாவுக்குக் கிடைத்த புகழ் பருத்திப்பாலுக்குக் கிடைக்கவில்லையே என்பது என் நெடுநாளைய ஆதங்கம். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, வெல்லமும் சுக்கும் ஏலமும் தேங்காயும் சேர்த்து இறக்கிய அந்தப் பானத்தைத் தள்ளுவண்டிக்காரர் ஆவி பறக்க ஊற்றித் தரும்போது, உழைத்துக் களைத்தவனுக்கு அது பானமாகவும் ஆகாரமாகவும் ஆகிறது. கரிசல் காட்டுப் பருத்தியையும் நூலாலைகளையும் நம்பிப் பிழைத்த ஒரு பிரதேசம், நூலுக்குப் பஞ்சைக் கொடுத்த பிறகு மிஞ்சிய விதையிலிருந்தும் இவ்வளவு ருசியை எடுத்திருக்கிறது. எனக்கு இரண்டில் ஒன்றைத்தான் கொடுப்போம் என்றால் நான் தயங்காமல் பருத்திப்பாலைக் கேட்பேன்.

மதுரையின் இரவு உணவை வெறும் நாவின் ஆசை என்று சிலர் பேசுவதை நான் ஒப்புவதில்லை. தென்மாவட்டங்களுக்கெல்லாம் சந்தையாக இருக்கும் ஊர் இது. பஸ்கள் இரவெல்லாம் வந்து போகின்றன. காய்கறி லாரிகள் ஊர் அடங்கிய பிறகுதான் சரக்கை இறக்குகின்றன. மல்லிகை மொட்டு வாடுவதற்குள் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்து சேர்ந்தாகவேண்டும். சுமை இறக்குகிறவருக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கும், பூக்கட்டுகிறவளுக்கும் பசி எடுப்பது நாமெல்லாம் படுத்துறங்கும் வேளையில். அவர்களுக்காகத்தான் நள்ளிரவிலும் தெருவோரத்தில் இட்லிக் கொப்பரை கொதிக்கிறது. சிம்மக்கல் பக்கத்தில் தோசையின்மேல் முட்டையையும் கொத்துக்கறியையும் பரப்பிக் கறிதோசை சுடுகிறார்கள். பரோட்டாக் கல்லின் தாளம் தெருமுனை வரை கேட்கிறது. கோடீசுவரர் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் அந்தப் பெஞ்சில் கிடைப்பது ஒரே இட்லி, ஒரே சால்னா என்பது இவ்வூரைப் பற்றி நான் மிகவும் மதிக்கிற விஷயங்களில் ஒன்று.

இரவுக் கடைகளை வளர்த்ததில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் உட்காரத்தக்க தங்கம் தியேட்டர் 1952 தீபாவளியன்று பராசக்தி படத்தோடு திறக்கப்பட்டது. சிவாஜி கணேசன் திரைக்கு வந்த முதற்படம் அது. இரண்டாம் ஆட்டம் விட்டதும் அத்தனை ஜனங்களும் ஒரே சமயத்தில் வீதிக்கு வந்தால், அவர்கள் கேட்ட வசனத்தைப் பேசித் தீர்க்கவும் வயிற்றை நிரப்பவும் கடைகள் திறந்திருக்கத்தானே வேண்டும்? எம்.எஸ். சுப்புலட்சுமியையும் டி.எம். சௌந்தரராஜனையும் பெற்றெடுத்த இந்த ஊரில், பாட்டைப் பற்றியும் படத்தைப் பற்றியும் டீக்கடை வாசலில் நடக்கும் தர்க்கம் எந்த வித்துவசபைக்கும் குறைந்ததாக இராது. தங்கம் தியேட்டர் இப்போது இல்லை. அந்த இடத்தில் எழுந்திருக்கும் ஜவுளி மாளிகையைக் கடக்கும்போது, பழைய ரசிகர்கள் தாங்கள் முதல்நாள் பார்த்த படங்களைச் சொல்லிக்கொண்டே நடப்பதை இன்றும் கேட்கலாம்.

ஆனால் மதுரை முழுமையாக விழித்திருப்பதைக் காண விரும்புகிறவர் சித்திரைத் திருவிழாவுக்கே போகவேண்டும். மீனாட்சியம்மன் திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடக்கும் விருந்தில் சாப்பிட்டு எழுகிற ஜனங்கள், சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்களாகவே தங்களைப் பாவித்து மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். அதன்பின் அழகர்மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வருகிறார். முற்காலத்தில் தேனூரில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தார் என்பர். தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் இரவில் வழியெங்கும் மண்டகப்படிகள்; ஒவ்வொரு பந்தலிலும் பானகமும் நீர்மோரும் வேண்டுமளவு கிடைக்கும்; தயிர்ச்சாதப் பொட்டலத்தைக் கைநீட்டாதவர் கையிலும் திணித்துவிடுவார்கள். விடியலில் தங்கக்குதிரையில் அழகர் வைகையில் இறங்க, தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் கூட்டத்தையெல்லாம் நனைக்கிறது. அத்துடன் விழா முடிந்துவிட்டதாக எண்ணி ஊர் திரும்பாதீர்கள். அழகர் வண்டியூருக்குப் போய்வந்த பிறகு ராமராயர் மண்டபத்தில் இராமுழுவதும் தசாவதாரக் கோலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். குழந்தைகளை மடியில் கிடத்திக்கொண்டு தாய்மார் கடைசி அவதாரம் வரை உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே, மதுரைக்குப் போகும் உத்தேசமுள்ள நேயர்கள் திரும்பும் ரயிலை மறுநாள் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிற்பகல் வெயிலில் அறையில் நன்றாகத் தூங்கிவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் மாசி வீதியில் கால்நடையாகப் புறப்படுங்கள்.