வேடனுக்கும் ஒரு வரம்பு



இன்று வேட்டையைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். உயிர்க்கொலையைப் பற்றிப் பேச இலக்கிய நிகழ்ச்சிதானா கிடைத்தது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் வேட்டையில் எதைக் கொல்லலாம் என்பதோடு எதைக் கொல்லக்கூடாது என்பதையும் நம் இலக்கியம் சொல்லியிருக்கிறது. அந்த இரண்டாவது பகுதியே இன்றைய என் பொருள்.

12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் கண்ணப்ப நாயனார் வரலாறு எல்லோரும் அறிந்தது. கண்ணை இடந்து அப்பிய கட்டத்தை நாம் உருகிப் படிக்கிறோம். அதற்கு முன்னே வரும் திண்ணனாரின் கன்னி வேட்டையை வேகமாகக் கடந்துவிடுகிறோம். வலை கட்டி, நாய்களை ஏவி, காடே அதிர வேடர்கள் விலங்குகளை வளைக்கும் காட்சியின் நடுவே சேக்கிழார் ஒரு பாட்டு வைத்திருக்கிறார். அந்த வேடர்கள் யானைக் கன்றின் பின்னே தொடரமாட்டார்கள். சிதறி ஓடும் சிறு குட்டிகளைக் கொல்லமாட்டார்கள். கருவைச் சுமந்து அடி தளர்ந்து நடக்கும் பிணையை வருத்தமாட்டார்கள். கொலையே தொழிலாகக் கொண்டவர்களிடமும் ஒரு வரம்பு இருந்தது என்பதைச் சிவனடியார் வரலாறு பாட வந்த புலவர் மறக்கவில்லை. அன்பே உருவான கண்ணப்பர் அப்படிப்பட்ட ஒரு கூட்டத்திலிருந்துதான் வருகிறார்.

இந்த வரம்பை ஏட்டில் படிப்பதற்கு முன்னரே வன்னியில் எங்கள் பெரியவர்கள் வாயிலாகக் கேட்டவன் நான். காட்டுக்குள் இறங்குமுன் ஒரு குழையை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டு, ஐயனாரை நினைத்துக்கொண்டுதான் அடியெடுத்து வைப்பார்கள். இலங்கையில் நீர்ப்பாசனப் பணியிலிருந்த ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலிலும் இந்த வழக்கத்தைக் குறித்திருக்கிறார். காடு தன்னுடையதல்ல, இன்னொருவரின் வளவுக்குள் போகிறோம் என்ற நினைப்பு அதில் இருந்தது.

அவர்கள் சொன்ன விதிகள் சிலவே. அடைகாக்கும் காட்டுக்கோழிப் பேட்டைத் தொடாதே. குட்டியோடு நிற்கும் பிணைக்குக் குறிவைக்காதே. அடிபட்ட மிருகத்தை விட்டுவிட்டு வீடு திரும்பாதே. இரத்தம் சிந்திய தடம் பார்த்துப் போய் அதன் வேதனையை முடித்துவிட்டு வா. முதல் வெடி வைத்தவனுக்குரிய பங்கை மற்றவன் எடுக்காதே. துவக்குப் பிடிக்க ஆளில்லாத வீட்டுக்கும் இறைச்சி போகவேண்டும்.

எல்லோரும் இவற்றைக் காத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. கோடையில் குளங்கள் வற்றி, காட்டு மடுவொன்றில் மட்டும் தண்ணீர் கிடக்கும்போது, பரண் கட்டிக் காத்திருந்து, தாகத்தோடு வந்த மானைச் சுட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் ஊரில் அவர்களுக்கு நல்ல பெயர் இருக்கவில்லை.

வேட்டைக்கு முறை வகுப்பது நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அரசே பெசன்ற் என்ற பறவையை வளர்த்துப் பொது வேட்டை நிலங்களில் விடுகிறது. நமது காட்டுக்கோழிக்கு உறவான பறவை அது. அங்கே செம்மஞ்சள் உடுப்பு அணிந்து போகவேண்டும். பிறர் நிற்கும் இடத்தை நெருக்குவதும், இன்னொருவரின் நாய் எழுப்பிய பறவையைச் சுடுவதும் பண்பற்ற செயல்கள். நமது நாட்டில் ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். அவர்கள் வேட்டையாடிய யால 1938இல் தேசியப் பூங்காவாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1937இல், வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மானையும் மரையையும் கொல்வது இன்று குற்றம். இலங்கைக்கே உரிய காட்டுக்கோழி இந்நாட்டின் தேசியப் பறவை. காடு சுருங்கிவிட்ட இக்காலத்தில் சட்டம் இறுக்கமாக இருப்பது நியாயமே.

ஆயினும் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2009இல் போர் முடிந்து, இடம்பெயர்ந்த சனம் காணிகளுக்குத் திரும்பியது. பயிரைப் பன்றி அழிக்கிறது, யானை அழிக்கிறது என்ற விவசாயியின் கண்ணீர் உண்மையானது. ஆனால் அதற்கு மருந்தாகக் கட்டுத்துவக்கும், தீனிக்குள் ஒளித்துவைக்கும் வெடியும் வந்திருக்கின்றன. வேடன் வில்லை வளைக்குமுன் எதிரே நிற்பது பிணையா கலையா என்று பார்த்தான். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. அதன் கயிற்றில் பன்றியும் இடறும், சினைமானும் இடறும், விறகு பொறுக்கப் போன மனிதனும் இடறுவான். தீனிக்குள் இருக்கும் வெடியைக் கடித்த யானைக் கன்று வாய் சிதைந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகிறது. சேக்கிழாரின் வேடர்கள் தொடரவும் மறுத்த அதே கன்று!

நேயர்களே, காவலர் கண்ணுக்கு எட்டாத இடங்கள் காட்டில் நிறைய உண்டு. அங்கே ஒருவன் கையைத் தடுப்பது அவன் கேட்டு வளர்ந்த சொல்தான். 1973இல் பாலமனோகரன் தந்த 'நிலக்கிளி' தண்ணிமுறிப்புக் காட்டோடு பிணைந்த வாழ்வை நமக்குக் காட்டியது. அந்தக் காட்டின் விதிகளைத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். இளையவர்கள் அவர்களிடம் சென்று கேட்டு எழுதி வைக்கட்டும். வேட்டையாடுவதற்காக அல்ல, எந்த இடத்தில் கையை நிறுத்தவேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.