உதவித்தொகையும் கைம்முதலும்

(சிதம்பரத்தில் இளைஞர் கூட்டமொன்றில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

'ஊதியம்' என்னும் சொல்லொன்றைப் பற்றிச் சொல்லி என் உரையைத் தொடங்குகின்றேன். திருக்குறளில் இச்சொல், முதலிட்டவன் அடையும் மிகுதியை, வாழ்வில் பெறத்தக்க பயனைக் குறித்து நின்றது. இன்றோ, பிறரிடம் பணிசெய்து திங்கள்தோறும் வாங்கும் சம்பளத்தையே நாம் ஊதியம் என்கின்றோம். சொற்கள் பொருள் மாறுவது மொழிக்கு இயல்பே. ஆயினும் இம்மாற்றத்தினுள் நம் குமுகாயத்தின் வரலாறு ஒன்று ஒளிந்து கிடக்கின்றது. கடல் கடந்து முதலிட்டு ஆக்கம் தேடிய ஓர் இனம், பிறர் அளந்து தரும் கூலியே ஆக்கமென்று நம்பும் இனமாயிற்று!

1929-ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழகம் கண்ட நகரம் இது. ஆண்டுதோறும் பட்டம் பெறுவோர் வெளிவருகின்றனர்; வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிகின்றனர்; காத்திருக்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிந்து காத்திருந்தோர் 60 இலக்கத்திற்கும் மேற்பட்டோர். இத்துணைப் பேருக்கும் நாற்காலி போட எந்த அரசாலும் இயலாது. அவ்வாறாயின் இவர்க்கு வழி யாது? அதைத்தான் இன்று ஆராயப் போகின்றோம்.

முதற்கண், அரசு தரும் வேலையற்றோர் உதவித்தொகையை எள்ளி நகையாடுவோர்க்கு ஒன்று சொல்வேன். நம் மாவட்டத்து வடலூரில் 1867-ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வந்தவனை, 'நீ ஏன் உழைக்கவில்லை?' என்று அவ்வடுப்படி கேட்பதில்லை. பசிக்கு முதலில் சோறு, பிறகே அறிவுரை. திருவள்ளுவப் பெருந்தகையும் அதிகாரங்களை எத்துணை நுட்பமாக அடுக்கினார், பாருங்கள்! 104-ஆம் அதிகாரம் உழவு, 105 நல்குரவு, 106 இரவு, 107 இரவச்சம். தொழிலை முதலில் வைத்தார். தொழில் இல்லாவிடத்து வறுமை வரும் என்றார். வறுமையுற்றவன் கேட்கத் தக்காரிடம் கேட்பதில் இழுக்கில்லை என்றார். ஆனால் அதுவே வாழ்வாகிவிடக் கூடாதே என்று அஞ்சவும் சொன்னார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் அரசு, கேட்கத் தக்காருள் முதலாவது அன்றோ? ஆகவே உதவித்தொகை பெறுவது இழிவன்று. அதிலேயே நின்றுவிட நேர்வதுதான் இழப்பு.

அத்தொகைதான் எவ்வளவு? பத்தாம் வகுப்புத் தேறாதவர்க்குத் திங்களுக்கு 200 உருபா, தேறியவர்க்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கு 400, பட்டம் பெற்றவர்க்கு 600. பெயர் பதிந்து ஐந்தாண்டுகள் காத்திருந்த பின்னரே இது கிட்டும், மூன்றாண்டுகள் கிட்டும், அதன்பின் நின்றுவிடும். பட்டம் பெற்றவனுக்கு நாளொன்றுக்கு 20 உருபா! சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பேருந்தில் ஒருமுறை சென்று மீள அது போதாது.

தொகை சிறிது என்பதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. எந்தப் பணியிலும் சொந்தத் தொழிலிலும் ஈடுபடாதவராய் இருத்தல் வேண்டும் என்பது இதற்குரிய நெறி. ஏமாற்றுவோரைத் தடுக்க வந்த நெறி அது. அதன் நோக்கத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். பரங்கிப்பேட்டையில் ஒரு தங்கை கருவாடு வாங்கிப் பொதிந்து விற்கத் தொடங்குகின்றாள் என்று கொள்வோம். கடை வைத்த அன்றே அவளுக்கு உதவித்தொகைத் தகுதி போயிற்று. ஊதியமோ பல திங்கள் கழித்தே வரும். சும்மா இருந்தால் பணம். கையை அசைத்தால் பணமில்லை! முயற்சியைத் தொடங்கும் நாளிலேயே முட்டுக்கோலைப் பிடுங்குவது என்ன முறை?

இனி மறுகரையைப் பார்ப்போம். கடலூரில் மாவட்டத் தொழில் மையம் இருக்கின்றது. வேலையற்ற இளைஞர்க்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை அது நடத்துகின்றது. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தாலே போதும். தொழிலின் மதிப்பில் நூற்றுக்கு 25 பங்கு, அலுவலகத்தார் மானியம் என்று சொல்லும் நல்கையாகக் கிடைக்கும். நடுவணரசின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் 2008-ஆம் ஆண்டு முதல் உள்ளது. பட்டியல் குலத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் நூற்றுக்கு 35 பங்கு நல்கை உண்டு. எனவே அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நடுநிலையாகாது.

ஆனால், தம்பி! இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே ஓர் ஆறு ஓடுகின்றது. அதன் பெயர் கைம்முதல். 2 இலக்கம் உருபாவில் ஒரு தொழில் தொடங்குவதாக வைத்துக்கொள். பொதுப் பிரிவினன் நூற்றுக்கு 10 பங்கு, அதாவது 20,000 உருபா தன் கையிலிருந்து போடவேண்டும். பின்தங்கியோர், பெண்டிர் முதலிய சிறப்புப் பிரிவினர்க்கு நூற்றுக்கு 5. அது 10,000 உருபா. எஞ்சியதை வங்கி கடனாகத் தரும். நல்கைத் தொகை 50,000 அக்கடனில் கழியும். கணக்கு அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் நாளொன்றுக்கு 20 உருபா பெற்றவனிடம் 20,000 உருபா எங்கிருந்து வரும்? தாயின் காதணி அடகுக்குப் போகும். அல்லது கந்துவட்டிக்காரன் வாயிலில் நிற்க நேரும்.

இங்கேதான் ஒரு கணக்கை உங்கள் முன் வைக்கின்றேன். பட்டம் பெற்றவன் மூன்றாண்டுகளில் பெறும் உதவித்தொகை, 600-ஐ 36-ஆல் பெருக்க, 21,600 உருபா. அவன் போடவேண்டிய கைம்முதலோ 20,000 உருபா! சில்லறையாகச் சிதறும்போது பேருந்துக் கட்டணத்துக்கும் பற்றாத அதே பணம், திரண்டு ஒருங்கே வந்தால் ஒரு தொழிலின் அடித்தளமாகின்றது. தமிழில் 'முதல்' என்பது தொடக்கத்தையும் குறிக்கும். போடும் பொருளையும் குறிக்கும். முதலின்றி முதலில்லை என்பதை நம் மொழியே நமக்குச் சொல்கின்றதே!

இது வெறுங்கனவோ எனில், அன்று. இசுபெயின் நாடு 1985-ஆம் ஆண்டிலேயே, வேலையிழந்தவர் தமக்கு வரவேண்டிய உதவித்தொகையை ஒரே தவணையில் பெற்றுத் தொழில் தொடங்க வழிசெய்தது. பிரித்தானிய நாடு 1983-இல் நாடு முழுமைக்கும் விரித்த திட்டத்தில், தொழில் தொடங்கிய வேலையற்றோர்க்கு ஓராண்டு வரை கிழமைக்கு 40 பவுன் தந்தது. செருமனியில் 2006 முதல் உள்ள திட்டத்தின்படி, தொழில் தொடங்கியவர் ஆறு திங்கள் வரை தம் உதவித்தொகையையும், அதன்மேல் 300 யூரோவையும் பெறலாம். அந்நாடுகளின் செல்வம் நமக்கில்லை. ஆயின் அவற்றின் முறையை மேற்கொள்ளச் செல்வம் தேவையில்லை. தரும் பணத்தையே தரும் முறையை மாற்றினால் போதும்.

அடுத்து, தாள்களின் மொழி. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-ஆம் ஆண்டு வந்தது. ஆனால் கடன் கேட்டுச் செல்லும் உழவன் மகன் முன்னே நீட்டப்படும் திட்ட அறிக்கையும் கடன் உடன்படிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. கூலி கொடுத்து யாரையோ எழுதச் சொல்லி, தான் படித்தறியாத கணக்கின்கீழ்த் தான் கையெழுத்திடுகின்றான். வட்டி எவ்வளவு, தவணை எப்போது, தவறினால் என்னாகும் என்பதைத் தாய்மொழியில் அறியாதவன் எவ்வாறு தொழிலை நடத்துவான்? 10 இலக்கம் வரையிலான சிறுதொழிற் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கலாகாது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2010-ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு ஆணையிட்டது. அதை அறியாமையால் ஈடில்லை என்று சொல்லித் திரும்பி வருவோர் எத்துணைப் பேர்! மொழி தெரியாவிடத்து உரிமையும் தெரியாது போகும்.

இனி, இளைஞர்களுக்கு. அரசைக் கேட்பது ஒரு கை. நம்மைத் திருத்திக்கொள்வது மறுகை. திட்ட அறிக்கை என்று மிரட்டுகின்றார்களே, அதன் தலைப்புகளை வள்ளுவர் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்களில் வைத்துவிட்டார்: தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல்.

வரப்போகும் ஊதியத்தை எண்ணி உள்ள முதலை அழிக்காதே. இது தெரிந்து செயல்வகை. உன் கைத்திறனையும் கடன் தாங்கும் அளவையும் அறி, இது வலியறிதல். பண்ணுருட்டிப் பலா கோடையில் பழுக்கும். பலாச்சுளையை வற்றலாக்கவும் பாகாக்கவும் எண்ணுவோன் கடன் கார்காலத்தில் வந்தால் என்ன பயன்? இது காலமறிதல். அண்ணாமலைநகரில் ஒன்பது படியெடுக்கும் கடைகள் உள்ள தெருவில் பத்தாவதைத் திறவாதே, குறிஞ்சிப்பாடித் தறிக்கும் நெய்தற் கரை மீனுக்கும் எந்த ஊரில் வாங்குவோர் உளர் என்று நடந்து பார், இது இடனறிதல்.

ஒன்றை மறவாதீர்! 2004-ஆம் ஆண்டுக் கடற்பேரலையையும், 2011 திசம்பர் 30-ஆம் நாள் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த தானே புயலையும், 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் கண்ட மாவட்டம் இது. காப்பீடு இல்லாத கடன், கூரை இல்லாத வீடு. கடன்பட்டுத் தொழில் முறிந்தவன் உதவித்தொகை பெற்ற நாளினும் கீழே விழுகின்றான். ஆகவே உதவித்தொகை வரும் ஆண்டுகளைக் காத்திருப்பில் கழிக்காமல், ஒரு தொழிலைப் பக்கத்திலிருந்து கற்கும் ஆண்டுகளாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

சொந்தத் தொழில் என்று சொல்லி, நிரப்ப வேண்டிய பணியிடங்களை அரசு நிரப்பாமல் விட்டுவிடவும் நாம் ஒப்போம். எல்லாரும் வணிகராக வேண்டுவதில்லை. ஆக விரும்புகின்றவனுக்கு வழி அடைபடக் கூடாது, அவ்வளவே.

எனவே நாம் அரசிடம் கேட்பன மூன்று. தொழில் தொடங்குவோர்க்கு எஞ்சிய உதவித்தொகை முழுவதும் கைம்முதலாக ஒருங்கே தரப்படல் வேண்டும். அதைக் கைம்முதலாகப் பெற விரும்பாதார்க்குத் தொழில் தொடங்கிய முதல் ஓராண்டேனும் அத்தொகை நிறுத்தப்படாதிருத்தல் வேண்டும். கடன் தொடர்பான ஒவ்வொரு தாளும் தமிழில் இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் வேண்டுகையாக எழுதி, ஊர்தோறும் கையெழுத்துப் பெற்று, கடலூர் மாவட்ட ஆட்சியர் கையில் சேர்ப்போம். எழுதுகோல் உங்களிடம் உள்ளது. இன்றே எழுதத் தொடங்குங்கள்.