நமக்கு அடியில கடல் இருக்கா?

திருச்சி நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "600 கிலோமீட்டர் ஆழத்துல ஒரு சமுத்திரமே இருக்குன்னு வாட்ஸ்அப்ல வருதே, நிஜமா சார்?"

பாதி நிஜம். 2014-ல வெளிவந்த ஓர் ஆய்வுதான் இதுக்கு மூலம். பிரேசில்ல கிடைச்ச ஒரு அழுக்கு வைரம். அதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத துணுக்கா ரிங்வுடைட்னு ஒரு கனிமம். அதுல ஏறக்குறைய 1.5 சதவீதம் தண்ணீர். சொட்டுற தண்ணி இல்லைங்க. ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா படிகத்துக்குள்ளயே கட்டுண்டு கிடக்கு. போர் போட்டு எடுக்க முடியாது. மனுஷன் போட்டதிலேயே ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவுல, 12 கிலோமீட்டர்தான்.

பூமிக்குள்ளிருந்து வந்த ரிங்வுடைட்டை அதுவரை யாரும் பார்த்ததில்லை. விண்கல்லுல பார்த்திருக்காங்க, ஆய்வகத்துல செஞ்சிருக்காங்க. அதனாலதான் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுது.

எப்படிச் செய்யறாங்க? ஒரு வழி, ரெண்டு வைரங்களோட முனையை எதிரெதிரா வெச்சு, நடுவுல தாதுத் துகளைப் போட்டுத் திருகை முடுக்கறது. உள்ளங்கையில அடங்குற கருவிதான். குண்டூசித் தலையை அழுத்தினா ஒண்ணும் ஆகாது, அதே பலத்துல முனை குத்திடும் இல்லையா, அந்தக் கணக்கு. வைரம் ஒளியை விடுறதால லேசர் பாய்ச்சிச் சூடும் பண்ணலாம். 2010-ல ஒரு ஜப்பானியக் குழு இப்படி 377 கிகாபாஸ்கல், 5,700 கெல்வின் வரை போச்சு. பூமியோட மையத்து நிலைமை அது.

உள்ளே உருவானது என்ன படிகம்? சிதறி வர்ற ஒளியோட நிறமாற்றத்தை அளந்தா தெரியும். 1928-ல கண்டுபிடிச்ச ராமன் விளைவுதான். ராமன் பிறந்தது 1888-ல, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்துத் திருவானைக்காவல்ல. பெங்களூர்ல அவர்கிட்ட வேலை பார்த்த ஜெயராமன், பிற்பாடு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்துல இந்த வைரக் கருவியில பெரிய பேர் எடுத்தார்; 1983-ல இதைப் பத்தி விரிவான கட்டுரையும் எழுதினார்.

திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்கள்ல நீர்த்தலம். பாறைக்குள்ள தண்ணியைக் காட்டினதும் ராமன் ஒளிதான்னு வசனம் பேச ஆசைதான்! ஆனா பிரேசில் துணுக்கை ரிங்வுடைட்னு காட்டினதுலதான் அதுக்குப் பங்கு. தண்ணியை அளந்தது அகச்சிவப்பு ஒளி.

சரி, மீதிப் பாதி? கையில இருக்கறது ஒரு துணுக்கு. 410-லிருந்து 660 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள அடுக்கு முழுக்க இப்படி ஈரமான்னு அது சொல்லாது. அதுக்காக ஆய்வகத்துல உலர்ந்த ரிங்வுடைட், ஈர ரிங்வுடைட் ரெண்டையும் செஞ்சு, ஒலி எவ்வளவு வேகமாப் போகுதுன்னு அளந்து, நிலநடுக்க அலைகளோட ஒப்பிட்டுப் பார்க்கறாங்க.