நர்சிங் சீட்டு கிடைக்கலைன்னா? இரண்டாவது வழியையும் எழுதி வைப்போம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



மகள்களின் மேற்படிப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பு பெரிசு. அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கூட்டமைப்பின் பொருளாளர் என்ற முறையில் உங்கள் கடன் விண்ணப்பங்களைப் படிப்பது என் வேலை. மே, ஜூன் வந்தால் "கடனுக்கான காரணம்" என்ற இடத்தில் அடிக்கடி ஒரே வரி இருக்கும்: "மகளின் நர்சிங் படிப்பு."

நல்ல ஆசைதான். நம்ம பிள்ளைகள் நர்சைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்தவர்கள். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் பி.பி., சர்க்கரை பார்க்கும் தன்னார்வலர்களை நம்ம குழுக்களில் இருந்துதான் எடுத்தார்கள். அம்மா பி.பி. மெஷினோடு தெருவில் போவதைப் பார்த்த பொண்ணு, "நான் நர்ஸ் ஆவேன்"னு சொல்லாம வேற என்ன சொல்லும்?

ஆனால் அரசு கல்லூரி இடம் கொஞ்சம், கேட்கும் பிள்ளைகள் நிறைய. கட்-ஆஃப் கொஞ்சம் குறைந்தாலும் சீட்டு கைவிட்டுப் போகுது. அப்புறம் என்ன நடக்குதுன்னு நமக்கே தெரியும். ஒன்று, அவசரத்தில் கண்ணில் பட்ட போர்டைப் பார்த்துப் பணம் கட்டுகிறோம். இல்லையென்றால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்"னு வீட்டில் உட்கார வைக்கிறோம். ஆறு மாசம் கழிச்சு சொந்தக்காரங்க வந்து, "பொண்ணு சும்மாதானே இருக்கா, நல்ல இடம் ஒண்ணு இருக்கு"ம்பாங்க. அதோடு படிப்பு முடிஞ்சுது.

இரண்டாவது வழி என்றதும், "ஏன் இப்பவே அபசகுனமா பேசுறே"ன்னு கேட்காதீங்க. மழை வரும்னு நம்பித்தான் விதைக்கிறோம். அதுக்காக விதைநெல் முழுசையும் ஒரே நாள்ல கொட்டிடுறதில்லையே.

முதலில், நர்சிங் என்பதே ஒரு படிப்பு இல்லை. பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்ற பட்டயப் படிப்பு 3 வருஷம். ஏ.என்.எம். 2 வருஷம், வணிகவியல், கலைப்பிரிவு படித்த பெண்ணும் சேரலாம். எதற்கும் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு கிடைக்கலைன்னா கதவு மூடிப் போகாது. ஜி.என்.எம். முடித்தவர் பிறகு 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரி ஆகலாம். ஏ.என்.எம். பதிவு பெற்றவர் ஜி.என்.எம்.க்கு விண்ணப்பிக்கலாம். ஒரே மாடிக்கு மூன்று படிக்கட்டு, அவ்வளவுதான்.

அடுத்தது, சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவின் விண்ணப்பத்தில் பி.எஸ்சி. நர்சிங் மட்டும் இல்லை. பி.பார்ம்., டயாலிசிஸ், ரேடியாலஜி, ஆபரேஷன் தியேட்டர் மற்றும் மயக்கவியல் தொழில்நுட்பம், கண் பரிசோதனைக்கான ஆப்டோமெட்ரி என்று பல படிப்புகள் அதே விண்ணப்பத்தில் வருகின்றன. கவுன்சிலிங்கில் விருப்பம் போடும்போது நர்சிங் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு மற்றதை வெறுமையாக விடாதீங்க. நோயாளிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யணும் என்பதுதானே பொண்ணோட ஆசை? டயாலிசிஸ் யூனிட்டில் இருப்பவரும் அதைத்தான் செய்கிறார்.

பட்டப்படிப்பு எட்டவில்லையா? டி.எம்.எல்.டி. என்ற லேப் பட்டயம் 2 வருஷம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஈ.சி.ஜி., டயாலிசிஸ், மயக்கவியல், தியேட்டர் டெக்னீஷியன் போன்ற ஒரு வருஷச் சான்றிதழ் படிப்புகளும் இருக்கு. ஆனால் இவை நர்ஸ் படிப்பு அல்ல, டெக்னீஷியன் படிப்பு. அதைத் தெரிந்தே சேருங்க. டி.பார்ம். 2 வருஷப் படிப்பு, பிறகு பி.பார்ம். இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேரலாம். மெடிக்கல் ஷாப் நடத்தப் பதிவு பெற்ற மருந்தாளுநர் வேணும். மகள் அந்தப் பதிவோடு வந்தால், நாளைக்கு அவள் கடைக்குத் தொழில் கடன் கொடுக்க நம்ம குழுவே இருக்கு.

ஊரகப் பெண்களுக்கு தீன் தயாள் உபாத்யாயா திட்டத்தில் 15 முதல் 45 வயது வரை இலவசத் திறன் பயிற்சி உண்டு. அதில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர் பயிற்சியும் வரும். உடனே சம்பளம் வேணும்னு இருக்கிற வீட்டுக்கு அது நல்ல வழி. ஆனால் அதை முடித்தவர் உதவியாளர், நர்ஸ் இல்லை.

இந்த வித்தியாசத்தை ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்? நமக்குத் தெரிந்த ஒரு உறுப்பினர். மகளுக்கு சீட்டு கிடைக்கலை. பக்கத்து டவுனில் ஒரு மையம், "ஒரே வருஷத்தில் நர்ஸ்"னு போர்டு. 80,000 ரூபாய் கட்டினாங்க. வெள்ளை யூனிஃபார்ம், விளக்கு ஏற்றி உறுதிமொழி, குரூப் போட்டோ எல்லாம் நடந்தது. சான்றிதழோடு வேலைக்குப் போன இடத்தில் ஒரே கேள்வி: "கவுன்சில் பதிவு எண் என்ன?" பதிவு கிடையாது. இன்னைக்கு அந்தப் பொண்ணு ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உதவியாளர். நர்சோடு சேர்ந்து ராத்திரி முழுக்க நிற்கிறாள். நர்சுக்கு உள்ள சம்பளம் இல்லை. அம்மா இன்னமும் தவணை கட்டுகிறார். பிள்ளை மேலயும் தப்பில்லை, அம்மா மேலயும் தப்பில்லை. கேட்க வேண்டியதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

அதனால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி. நோட்டில் எழுதிக்குங்க. ஒன்று: இந்தப் படிப்பை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு கிடைக்குமா? இரண்டு: கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இந்த வருஷம் இருக்கா? பட்டப்படிப்பு என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கா? மூன்று: பயிற்சி எந்த மருத்துவமனையில்? நேரில் போய்ப் பாருங்க. "எல்லாம் இருக்கும்மா, முதல்ல அட்வான்ஸ் கட்டுங்க"ன்னு பதில் வந்தால் எழுந்து வந்துடுங்க. மற்ற படிப்புக்கும் இதே மாதிரி, யார் அங்கீகாரம் கொடுத்தது என்று கேளுங்க.

இப்போ பணம். குழுக் கடனுக்கு அடுத்த மாசமே தவணை தொடங்கும். ஒரு லட்சம் வாங்கி 24 மாசத்தில் கட்டினால் அசல் மட்டுமே மாசம் 4,000 ரூபாய்க்கு மேல், வட்டி தனி. பொண்ணு 4 வருஷம் படிக்கிறாள். அவள் சம்பாதிக்கும் முன்பே நாம் கூலிக்காசில் கட்டி முடித்தாக வேண்டும். வங்கிக் கல்விக்கடனுக்குப் படிக்கும் காலத்தில் தவணை கிடையாது. 4 லட்சம் வரை சொத்துப் பிணையும் கேட்பதில்லை. வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். இன்னொரு நன்மையும் உண்டு. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி கடன் தராது. "வேண்டாம்"னு மேனேஜர் சொன்னால் கோபப்படுவதற்கு முன் ஏன் என்று கேளுங்க. கட்டணத்துக்கு வங்கி, விடுதி, யூனிஃபார்ம், பஸ்ஸுக்குக் குழுக் கடன். இதுதான் என் கணக்கு.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் உண்டு. பட்டப்படிப்பு, பட்டயப் படிப்பு, ஐ.டி.ஐ. என எதில் சேர்ந்தாலும் கிடைக்கும். இரண்டாவது வழியில் போனாலும் அந்தப் பணம் கூடவே வரும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். வருகிற ஏப்ரல் குழுக் கூட்டத்தில், பிளஸ் டூ எழுதிய மகள்களின் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்க. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மூன்று வரி: முதல் விருப்பம், அது கிடைக்கலைன்னா எது, அதுவும் இல்லைன்னா எது. பொண்ணையே கூட்டிவந்து அவள் வாயால் சொல்ல வையுங்க. ரிசல்ட்டுக்கு முன்னாடி எழுதினால் அது யோசனை. ரிசல்ட்டுக்கு அப்புறம் எழுதினால் அது அழுகையோடு எடுத்த முடிவு. நோட்டில் ஊரறிய எழுதி வைத்த வழி இருந்தால், "சும்மாதானே இருக்கா"ன்னு யாரும் சொல்ல முடியாது. "அவ டி.பார்ம். சேரப் போறா"ன்னு நாலு பேர் பதில் சொல்வோம்.

மூன்று கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டு வாங்க. படிவம் நிரப்ப, வங்கிக்குக் கூட வர, கூட்டமைப்பில் நாங்கள் இருக்கிறோம்.