நம் கையிலுள்ள ஒற்றை வாக்கு

தோழர்களே, 2016 அக்டோபர் முதல் 2022 தேர்தல்வரை சென்னை மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. கூவம், அடையாற்றங்கரைகளிலிருந்து நம்மைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது அந்த ஆண்டுகளிலும் நடந்தது. மழைநீர் வடிகாலுக்கான ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன் 2021இல் ஒப்புதலானபோதும் கேள்வி கேட்க நமக்குக் கவுன்சிலர் இல்லை. வீட்டோடு வாக்கும் இடம்பெயர்ந்தது: மாநகராட்சி வாக்காளர்களாக இருந்த நாம் ஊராட்சி வாக்காளர்களானோம்.

தேர்தல் வந்தால், ‘இவர் வரக்கூடாது’ என்று அவருக்குப் போடுகிறோம். தவறென்று சொல்லவில்லை, சில நேரம் அதுவே தற்காப்பு. ஆனால் 1932 பூனா ஒப்பந்தத்தில் இரட்டை வாக்கை இழந்தவர்கள் நாம். மிஞ்சிய ஒற்றை வாக்கைப் பயத்துக்கு மட்டுமே செலவிடலாமா? நிபந்தனை வைப்போம்: வாழ்ந்த இடத்திலேயே வீடு, பெண்கள் பெயரில் பட்டா. வாக்குக் கேட்டு வருகிறவர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஜெய்பீம்.