காணி யார் பெயரில்? காலநிலை மாற்றமும் எங்கள் ஊர்க் கமக்காரப் பெண்களும்

(எமது சங்கம் ரெய்னர்ஸ் லேனில் நடத்திய குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேசியபடியே, சிறிது சுருக்கி, இப் புத்தாண்டு மலரில் தருகிறோம்.)



எனக்குத் தந்த தலைப்பைக் கேள்விப்பட்டு ஒரு அண்ணன் வாசலிலேயே மறித்துக் கேட்டார்: "பின்வளவில நாலு மிளகாய்க் கண்டு வைச்சிருக்கிற எங்களுக்குக் காலநிலை மாற்றத்தில என்ன கதை?" நியாயமான கேள்விதான். பதிலுக்கு நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் காணி இருக்கிறது? பத்துப் பரப்புத் தோட்டமோ, மூன்று ஏக்கர் வயலோ, ஏதோ ஒன்று? கை உயர்த்த வேண்டாம், மனதுக்குள் சொல்லுங்கள். அந்தக் காணியை இப்போது யார் செய்கிறார்கள்? "அக்கா பாக்கிறா." "மாமி பாக்கிறா." "அண்ணற்ற மனுசி பாக்கிறா." அநேகமாக இப்படித்தான் பதில் வரும்.

உறுதி லண்டனில் ஒருவர் பெயரில் இருக்கிறது. வெயிலிலும் வெள்ளத்திலும் நிற்பது ஊரில் இன்னொருவர். அவரிடம் அந்தக் காணியைப் பற்றி ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

முதலில் மழையையும் தண்ணீரையும் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை என்பது நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உவர் நீருக்கு மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணறுகளில் இறைக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறிவிடும். வன்னியில் குளங்களை நம்பிய வாழ்க்கை. மழை பிந்தினால் விதைப்புப் பிந்தும். மூன்று மாத மழை மூன்று நாளில் கொட்டினால் விதைத்தது அழுகும்.

"உதெல்லாம் முந்தியும் நடந்ததுதானே" என்று பெரியவர்கள் சொல்லலாம். உண்மை. 1964 இல் மன்னார்ப் பக்கத்தைப் புயல் அடித்தது. 1978 இல் மட்டக்களப்பைச் சூறாவளி சின்னாபின்னமாக்கியது. ஆனால் அண்மைய வருடங்களின் கணக்கைப் பாருங்கள். 2016, 2017 இல் நாற்பது வருடங்களில் காணாத வரட்சி. 2017 இல் இலங்கையின் நெல் விளைச்சல் முந்திய வருடத்தைவிட 40 வீதத்துக்கும் மேல் குறைந்தது. 2018 டிசம்பரில் ஒரே இரவு மழையில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்து, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் மூழ்கின. 2020 டிசம்பரில் புரெவிப் புயல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் வெள்ளத்திலும் மண்சரிவிலும் ஆழ்த்தி அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அது இறங்கும்போது கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஒரு அழிவிலிருந்து எழும்பி மூச்சு விடுவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது.

மழைக்கு ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. ஆனால் மழைக்குப் பிறகு நடப்பவற்றில் அந்த வித்தியாசம் இருக்கிறது. வயல் அழிந்தபின் நட்டஈடு யாருக்கு வரும்? மானிய உரம் யாருக்கு? பயிர்க் காப்புறுதி யாருக்கு? கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவது என்று தீர்மானிக்கிற கூட்டத்தில் யாருடைய சொல் எடுபடும்? கமக்காரர் அமைப்பில் அங்கத்தவராய் இருப்பவருடைய சொல். வங்கி யாருக்குக் கடன் தரும்? ஈடு வைக்கக் காணி உள்ளவருக்கு. இவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒரு காகிதம். அந்தக் காகிதத்தில் அக்காவின் பெயர் இல்லை.

வடமாகாணத்தில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களுக்குப் பெண்ணே தலைவி. போரில் கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடித் திரிகிறவர்கள், புருசன் வெளிநாடு போய்த் தொடர்பற்றுப் போனவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இவர்களுக்குச் சட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எங்கள் தேசவழமை 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்டது. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுக்கிற வழக்கம் எங்களிடம் உண்டென்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, வழியுரிமைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியைத்தானும் விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. கணவன் காணாமற் போயிருந்தால்? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி கேட்க வேண்டும். கிணறு தூர் வார ஒரு சின்னக் கடன் எடுக்க வழக்கறிஞருக்குக் காசு கட்ட வேண்டிய நிலை.

வன்னிக் குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரக்காரர் வாரிசைப் பெயர் குறிக்காமல் இறந்தால், அந்தச் சட்டத்தின் வரிசையில் மகளுக்கு முன் மகன், சகோதரிக்கு முன் சகோதரன். மனைவிக்கு அனுபவிக்கும் உரிமை மட்டும், அதுவும் மறுமணம் செய்தால் போய்விடும். 2022 இல்தான் சட்டத்தைத் திருத்தி இந்த ஆண், பெண் வித்தியாசத்தை நீக்கினார்கள். 87 வருடங்கள் எடுத்திருக்கிறது. ஆனால் பழைய விதியின்படி ஏற்கெனவே மாறிப்போன காணிகள் தாமாகத் திரும்பி வரப்போவதில்லை.

காகிதம் இல்லாதவளுக்கு எந்தக் கடன் கிடைக்கும்? ஈடு கேட்காத கடன். அப்படி வந்ததுதான் நுண்கடன். 2009 க்குப் பிறகு கம்பனிகள் வீட்டு வாசலுக்கே வந்து பெண்களுக்குக் கடன் கொடுத்தன. "பெண்களுக்கு முதலீடு" என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. கோளாறு எங்கே என்றால், நெல்லோ உழுந்தோ வெங்காயமோ விளைந்து காசு வர மாதக்கணக்காகும். கடன்காரன் வருவது கிழமைக்கு ஒரு நாள். நல்ல வருடத்திலேயே இந்த இரண்டு கணக்கும் ஒத்துவராது. வரட்சி வருடத்தில் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன். 2018 இல் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர, வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற பெண்களின் கடனை நீக்கும் திட்டத்தை அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது. அதே வருடம் செப்ரெம்பரில் நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் பொஹொஸ்லாவ்ஸ்கி, கடன் வசூலிப்போர் பெண்களை நெருக்கிய விதத்தைப் பகிரங்கமாகவே எடுத்துச் சொன்னார். வரட்சிக்கு அறிவித்த நிவாரணத்துக்கு நாலைந்து மாதத்தில் அதே வன்னியை வெள்ளம் மூடியது. ஒரே வருடத்துக்குள் இரண்டும்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 24 நாடுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமக் குடும்பங்களின் கணக்கை எடுத்து 2024 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடும் வெப்பத்தால் பெண் தலைமைக் குடும்பங்களுக்கு ஏற்படும் வருமான இழப்பு, ஆண் தலைமைக் குடும்பங்களின் இழப்பைவிட 8 வீதம் அதிகம். வெள்ளத்தால் 3 வீதம் அதிகம். அதே நிறுவனம் 2011 இல் இன்னொன்றும் சொன்னது: காணி, கடன், விதை, கருவி ஆகியவை ஆண்களுக்குக் கிடைக்கிற அளவுக்குப் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்களின் விளைச்சல் 20 முதல் 30 வீதம் கூடும். பெண்ணுக்குக் கமம் தெரியாது என்பதல்ல பிரச்சினை. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் நெல்லை அடுத்த போகத்துக்கு விதையாகக் காய வைத்து, பூச்சி அண்டாமல் எடுத்து வைத்தது யார்? எங்கள் அம்மாமார், அம்மம்மாமார்தானே.

கடலுக்கு அக்கரையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1968 மார்கழியில் தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மையாரும் அவருடைய கணவரும் 1981 இல் லாஃப்டி என்ற இயக்கத்தைத் தொடங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் பெற்றுக் கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்களின் பெயரிலேயே பதிவித்தார்கள். ஆணின் பெயரில் இருந்தால் கடனுக்கும் குடிக்கும் கைமாறிவிடும், பெண்ணின் பெயரில் இருந்தால் பிள்ளைகளுக்கு மிஞ்சும் என்பது அவர்களின் அனுபவம்.

சரி, ரெய்னர்ஸ் லேனில் இருந்துகொண்டு நாங்கள் என்ன செய்யலாம்? அரசாங்கச் சட்டத்தை மாற்ற எங்களால் ஏலாது. ஆனால் எங்கள் காணியும் எங்கள் காசும் எங்கள் கையில்தான் இருக்கின்றன. நாலு விசயம் சொல்கிறேன்.

முதலாவது, கடிதம். உங்கள் காணியைச் செய்கிறவருக்கு எழுத்தில் உரிமை கொடுங்கள். காணியை எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். ஐந்து வருடமோ பத்து வருடமோ நொத்தாரிசு முடித்த ஒரு குத்தகை உறுதி போதும். அதை வைத்து அவர் கமநல சேவை நிலையத்தில் தன் பெயரைப் பதியக் கேட்கலாம். அற்றோணித் தத்துவம் கொடுக்கும்போதும் வழக்கம்போலத் தம்பியின் பெயரையோ மச்சானின் பெயரையோ போட முன், உண்மையில் காணியில் நிற்பது யார் என்று ஒருக்கால் யோசியுங்கள். கையெழுத்து வைக்க முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, கேட்டு அனுப்புங்கள். இங்கேயிருந்து நாங்களே தீர்மானித்துப் பெரிய இறைப்பு மிசின் வாங்கக் காசு அனுப்புகிறோம். கயிறு இழுத்து ஸ்ராட் பண்ணுவதற்கு அவருடைய தோள் இடம் கொடுக்குமா? லாண்ட்மாஸ்ரர் வாங்கிக் கொடுத்தால் ஓட்டுவதற்கு அவர் இன்னொருவரைக் கூலிக்குப் பிடிக்க வேண்டுமா? குடாநாட்டில் கூட இறைத்தால் கிணறு உவராகும் என்று முன்பே சொன்னேன். மிசினுக்குப் பதிலாகச் சொட்டுநீர்க் குழாயோ, மூடாக்குப் போடுவதோ, மழைநீரைக் கிணற்றடிக்குத் திருப்புவதோ அவருக்குத் தேவையாய் இருக்கலாம். அது அவருக்குத்தான் தெரியும். ரெலிபோன் எடுத்து "காசு வந்ததோ?" என்று மட்டும் கேட்காமல், "இந்த முறை மழை எப்பிடி, என்ன போடப் போறியள், என்ன தேவை?" என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, விளைச்சலோடு ஒத்துப்போகிற காசு. ஊரிலே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இருக்கின்றன, சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. நாலைந்து குடும்பம் சேர்ந்து அப்படி ஒரு சங்கத்துக்குச் சுழல்நிதியாகக் கொடுத்தால், விதைப்புக்கு எடுத்து அறுவடைக்குக் கட்டலாம். அழிவு வந்த வருடத்தில் தவணையைத் தள்ளிப் போட அவர்களே தீர்மானிக்கலாம். எங்கள் ஊர் ஒன்றியங்கள் கோவில் தேருக்கும் பள்ளிக்கூட மதிலுக்கும் சேர்க்கிற காசில் ஒரு பங்கு இதற்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

நாலாவது, கூட்டத்தில் கதிரை. ஊர் ஒன்றியங்கள் வயலுக்கோ குளத்துக்கோ வாய்க்காலுக்கோ உதவி செய்யும்போது ஒரு நிபந்தனை போடுங்கள்: திட்டத்தைத் தீர்மானிக்கிற கூட்டத்திலும், கணக்கிலே கையெழுத்துப் போடுகிற இடத்திலும், அங்கே கமம் செய்கிற பெண்கள் இருக்க வேண்டும். தேத்தண்ணி ஊத்திக் கொடுக்க அல்ல. 2017 இல் முல்லைத்தீவு கேப்பாப்புலவில் இராணுவம் வைத்திருந்த காணியைத் திருப்பித் தரச் சொல்லி வீதியோரத்தில் இரவு பகலாகக் குந்தியிருந்தவர்களில் முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். காணிக்காக வெயிலில் இருக்கத் தகுதி உள்ளவர்களுக்குக் கணக்குப் பார்க்கவும் தகுதி உண்டு.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஊர்க் காணி நாளைக்கு உங்கள் பெயருக்கு வரும். அதை விற்பதா வைத்திருப்பதா என்று நீங்கள் முடிவெடுக்கும் நாளில், அங்கே முப்பது வருடமாக அதை உவராகாமல், காடு மண்டாமல் காத்த ஒரு பெண்ணும் இருப்பார். அவரிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். பெற்றோரே, அந்தப் பெண் யார் என்று பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

சித்திரை வருசப்பிறப்பு வருகிறது. ஊரில் நாளேர் பூட்டுவார்கள், பெரியவர்கள் கைவிசேடம் கொடுப்பார்கள். நீங்களும் வழக்கம்போல ஊருக்குக் காசு அனுப்புவீர்கள். அனுப்புங்கள். இந்த வருடம் அதோடு சேர்த்து, காணியைச் செய்கிறவரின் பெயரைத் தெளிவாக எழுதி, கையெழுத்து வைத்த ஒரு கடிதத்தையும் அனுப்புங்கள்.